நடுவில் நிற்கும் பிள்ளை



சென்ற மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களில் ஒன்று, பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த நான்கு தாள்களில் இரு பக்கமும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. கிழக்கிலங்கையின் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். போடவில்லை.

அவரது மூத்த மகனுக்கு ஆறு வயது. கிளினிக் கொப்பியில் வைத்தியர் குறித்திருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்: "ஓட்டிசம், இரண்டாம் மட்டம்." அதன் கீழே மூன்று கேள்விகள். இரண்டாம் மட்டம் என்றால் பாதி வருத்தம், பாதி சுகம் என்றா அர்த்தம்? இது எப்போதாவது சுகமாகுமா? மூன்றாவது கேள்வியைப் பென்சிலால் எழுதியிருந்தார், அழிக்கலாமோ என்று யோசித்தவர் போல. "அடுத்த மாதம் மச்சியின் கல்யாணம். பிள்ளையைப் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு வரும்படி மாமி சொல்கிறா. என்ன செய்ய?"

மூன்றாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டையும் விளங்கிக்கொண்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இந்த 'மட்டம்' என்ற பேச்சு அவ்வளவு பழையதல்ல. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது கைநூலின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது, அதுவரை ஓட்டிசம், அஸ்பெர்ஜர் என்றெல்லாம் வெவ்வேறு பெயர்களில் இருந்தவற்றை ஒரே பெயரின் கீழ் கொண்டு வந்தது. கூடவே மூன்று மட்டங்களையும் வகுத்தது. கவனியுங்கள், அவை நோயின் அளவைச் சொல்லும் மட்டங்கள் அல்ல. பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதைச் சொல்பவை. முதலாம் மட்டத்துக்கு உதவி வேண்டும். இரண்டாம் மட்டத்துக்குக் கணிசமான உதவி வேண்டும். மூன்றாம் மட்டத்துக்கு மிகக் கணிசமான உதவி வேண்டும். ஆகவே வைத்தியர் உங்கள் கொப்பியில் எழுதியது பிள்ளைக்கு இட்ட புள்ளியல்ல, சகோதரி. பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு எழுதிய கணக்கு அது. இன்றைக்கு இரண்டு என்று எழுதியது நாளை மாறவும் கூடும். வீட்டில் அமைதியாக இருக்கும் அதே பிள்ளை சந்தைக்குள் போனால் மூன்றாம் மட்டம் போலத் தெரியும்.

ஆனால் இந்த நடு மட்டத்துப் பிள்ளையின் நிலை தனியானது. விசேட கல்வி அலகொன்றில் நீண்ட காலம் படிப்பித்தவள் என்ற வகையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முதலாம் மட்டத்துப் பிள்ளை எப்படியோ சாதாரண வகுப்பில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் மட்டத்துப் பிள்ளையைக் கண்டால் சனம் இரக்கப்படுகிறது, வழி விடுகிறது. நடுவில் நிற்கும் பிள்ளையோ பார்வைக்கு அழகாக, சுகதேகியாக இருக்கும், நாலு வார்த்தை பேசும், எண்கள் தெரியும், பஸ் இலக்கங்களை மனனமாகச் சொல்லும். அதே பிள்ளை கடை வாசலில் தரையில் விழுந்து கத்தினால் பார்ப்பவர்களுக்கு ஒரே விளக்கம்தான் தோன்றும்: உம்மா வளர்த்த சீர்! உதவி கிடைக்க வேண்டிய இடத்தில் அப்பிள்ளைக்கும் தாய்க்கும் கிடைப்பது ஏச்சு.

நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தேத்தண்ணி வேணுமா?" என்றே திருப்பிச் சொல்கிறான். தேவையானதைக் கேட்காமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலுமாரியின் மேல் வைக்கிறான். பிளெண்டரின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வேறு பாதையால் போனால் ஓட்டோவிலிருந்து குதிக்கப் பார்க்கிறான். இவை எல்லாம் பிடிவாதம் என்கிறா மாமி.

பிடிவாதம் அல்ல. அந்தத் திருப்பிச் சொல்லல் இருக்கிறதே, அதுவே அவனுடைய 'ஆம்'. 1943இல் அமெரிக்காவில் லியோ கனர் என்ற சிறுவர் மனநல வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஓட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. கேள்வியைத் திருப்பிச் சொல்வதன் மூலம் 'ஆம்' என்று தெரிவிக்கும் பிள்ளைகளை அவர் அப்போதே கண்டு குறித்து வைத்தார். சத்தமும் அப்படித்தான். எமக்குப் பிளெண்டரின் சத்தமாகக் கேட்பது, அவனுக்குக் காதுக்குள் ஆணி அறைவது போல இருக்கலாம். சட்டைக் கழுத்தில் தைத்த சிறு துண்டு நாள் முழுக்க முள்ளாகக் குத்தலாம். பழகிய பாதையும் பழகிய சோறும் அவனுக்கு இந்தக் குழப்பமான உலகில் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கம்புகள்.

இங்கே என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலகில் சேர்ந்த முதல் வருடம் ஒரு பிள்ளையின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "டீச்சரின் கண்ணைப் பார்" என்று ஒவ்வொரு காலையும் வற்புறுத்துவேன். பார்த்தால் ஒரு டொபி. பிள்ளை டொபிக்காகப் பார்க்கும், பிறகு கையைக் கடித்துக்கொள்ளும். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு நோவைப் போன்றது என்று, வளர்ந்து ஆளான ஓட்டிசக்காரர்களே எழுதியதைப் பல வருடங்களின் பின்னரே வாசித்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல் இருந்தபோதுதான் நான் சொன்னதை நன்றாகக் கேட்டிருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியை எனக்கே இது தெரியாதிருந்தால், உங்கள் மாமிக்குத் தெரியாததில் என்ன வியப்பு?

மாமியைப் பற்றி நீங்கள் எழுதிய பந்தியை இருமுறை வாசித்தேன். கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் அழுதது, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் தையல் மெஷினில் இருந்தது, இவற்றால்தான் இப்படி ஆனது என்கிறாவாம். தாயின் மேல் பழி போடும் இந்த வழக்கம் எமது ஊரில் பிறந்ததல்ல. படித்த வைத்தியர்களே இதைச் சொன்ன காலமொன்று இருந்தது. தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று மேல்நாட்டில் எத்தனையோ தாய்மாரை அழ வைத்தார்கள். 1964இல் பேர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானும் ஓட்டிசமுள்ள மகனின் தகப்பன், அந்தக் கருத்துக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். 1977இல் இங்கிலாந்தில் சூசன் போல்ஸ்டீனும் மைக்கல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகள் இருபத்தொரு சோடியை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த பதினொரு சோடியில் நான்கில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவில் உருவான பத்துச் சோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புத்தான் காரணமென்றால் இந்த வித்தியாசம் வர நியாயமில்லை. பரம்பரை அலகுகளின் பங்கு பெரிது என்பது இன்று உறுதியான விடயம். தையல் மெஷினை விற்றுவிட வேண்டாம், சகோதரி.

தடுப்பூசியில் பழி போடுவோரும் உண்டு. 1998இல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையால் வந்த வினை அது. அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றுவிட்டது. எழுதிய வைத்தியரின் பெயரும் அதே வருடம் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இளைய மகளின் ஊசியைத் தள்ளிப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமையே போய்ப் போடுங்கள்.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்காகத் துஆக் கேட்பதை யார் தடுக்கப் போகிறார்? நானும் கேட்கிறேன். ஆனால் ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பிரம்பைக் கையில் எடுப்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். அங்கே போவதற்காகக் கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள். இரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், இத்தனை இலட்சத்துக்கு முழுச் சுகம் தருகிறோம் என்று சொல்லும் விளம்பரக்காரர்களையும் இதே வரிசையிலேயே நிறுத்துகிறேன். ஓட்டிசத்தின் மூலத்தை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. தூக்கமின்மைக்கும் தன்னையே அடித்துக்கொள்ளும் கடும் ஆவேசத்துக்கும் சில வேளை வைத்தியர் மருந்து தருவார். அது வேறு.

சரி, மருந்து இல்லையென்றால் உதவி என்பது என்ன?

உங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். நாம் சொல்லும் வார்த்தை காற்றோடு போய்விடும், படம் சுவரிலேயே இருக்கும். அவன் சாப்பிடும் பிஸ்கட்டின் உறை, தண்ணீர்ப் போத்தலின் படம், ஊஞ்சலின் படம் ஆகியவற்றை வெட்டி, கல்யாணக் கார்டு போன்ற தடித்த மட்டையில் ஒட்டுங்கள். பிஸ்கட் மட்டையை அவன் எடுத்து உங்கள் கையில் தந்தால் உடனே பிஸ்கட்டைக் கொடுத்து, "பிஸ்கட்" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள். முதல் நாட்களில் வாப்பா பின்னால் இருந்து அவன் கையைப் பிடித்து எடுத்துக் கொடுக்கச் செய்யட்டும். இந்த முறைக்கு அமெரிக்காவில் 1980களிலிருந்தே ஒழுங்கான பயிற்சி இருக்கிறது. படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச மாட்டான் என்று பயப்படுகிறார்கள். அப்படியல்ல. படம் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

அடுத்து, நாளின் ஒழுங்கு. முகம் கழுவல், உடுப்பு, தேநீர், பாடசாலை என்று படங்களை மேலிருந்து கீழாகச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததை அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். ஏதாவது மாறப் போகிறதென்றால் அந்த இடத்தில் புதுப் படத்தை முன்கூட்டியே வையுங்கள். 'முதலில் குளிப்பு, பிறகு ஊஞ்சல்' என்று இரண்டே படங்கள் வைத்தாலும் போதும். நீண்ட விளக்கம் வேண்டாம். கத்திக்கொண்டிருக்கும்போது விளக்கமே வேண்டாம். கேட்டது கிடைக்காததற்காக அழும் பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். தாங்க முடியாமல் உடைந்து போன பிள்ளை எதையும் பார்க்காது. அந்த வேளையில் அடித்துப் பயனில்லை, ஆசை காட்டியும் பயனில்லை. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, பக்கத்தில் பேசாமல் இருங்கள். வீட்டில் ஒரு மூலையில் பாயும் தலையணையும் போட்டு அதை அவனுடைய இடமாக்குங்கள். அது தண்டனை மூலையாகிவிடக் கூடாது.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசும்படி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதை நான் வேறு தாய்மாரிடமும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு பிந்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் அவனோடு எவ்வளவு நேரம் பேசுவீர்கள்? தாலாட்டை எந்த மொழியில் பாடினீர்களோ அந்த மொழியிலேயே பேசுங்கள்.

எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியதை நடுவில் சொல்கிறேன், மன்னியுங்கள். உங்கள் முற்றத்தில் கிணறு இருக்கிறது. ஆற்றுக்கு நடை தூரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வெளியேறிவிடுவார்கள். பலருக்குத் தண்ணீரில் தீராத ஆசை. வீட்டை விட்டு வெளியேறி இறந்து போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறக்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. கிணற்றுக்குக் கம்பி மூடி, கேற்றுக்கு அவன் கைக்கு எட்டாத கொளுக்கி, சட்டையின் உள்ளே தைத்த தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றையும் கல்யாணத்துக்கு முன் முடித்துவிடுங்கள். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்களுக்கும் பள்ளிவாசல் முஅத்தினுக்கும் பிள்ளையைக் காட்டி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த பிள்ளையை, காணாமற் போன அன்று எவருக்கும் அடையாளம் தெரியாது.

பாடசாலை விடயம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியை மறுக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது என்பதற்காகக் கதவு தானாகத் திறக்காது என்பதும் எனக்குத் தெரியும். உங்களைத் திருப்பி அனுப்பிய அதிபரிடம் சண்டைக்குப் போகாமல், வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். அண்மையில் எந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறதென்று கேளுங்கள். கிடைத்த பிறகும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: உடற்பயிற்சி, சித்திரம் போன்ற பாடங்களுக்காவது சாதாரண வகுப்புப் பிள்ளைகளோடு அவன் இருக்க வேண்டும். நடு மட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் தேவை. அலகில் மட்டும் அடைத்தாலும் சரிவராது, நாற்பது பேர் வகுப்பில் தனியே விட்டாலும் சரிவராது.

இதை வாசிக்கும் இளந்தாய்மாருக்கு ஒரு வார்த்தை. 2009இல் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், எமது நாட்டின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் அலட்சியம் செய்யும் எண்ணிக்கையல்ல. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்த பிள்ளை, இப்படி இருந்தால் "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் கடிதம் வாங்கிச் சிறுவர் வைத்திய நிபுணரிடம் போங்கள். கொழும்பில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயாட்டி நிலையமும் இருக்கின்றன. தூரத்து ஊர்க்காரருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும் என்பது உண்மை. அதனாலேயே வீட்டில் தாய் தகப்பன் செய்யக் கற்றுக்கொள்வது அவ்வளவு முக்கியமாகிறது.

இனி இரண்டாவது கேள்வி. சுகமாகுமா?

ஓட்டிசம் போய்விடாது, சகோதரி. பிள்ளை முன்னேறுவான். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு வயதில் பேச்சு மிகவும் பிந்தியிருந்த 535 பிள்ளைகளை எட்டு வயதிலும் அதற்குப் பிறகும் பார்த்தது. அவர்களில் 70 வீதமானோர் சொற்களைச் சேர்த்துப் பேசும் நிலைக்காவது வந்திருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள். உங்கள் மகன் எந்தப் பாதியில் இருப்பான் என்று எந்த வைத்தியராலும் இன்று சொல்ல இயலாது.

கனர் எழுதிய பதினொரு பிள்ளைகளில் முதலாமவர் டொனல்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரைப் பெற்றோர் ஒரு விடுதியில் விட்டுவிட்டார்கள். மறந்துவிடும்படி வைத்தியர்கள் சொன்னார்கள். ஒரு வருடத்தில் தாயும் தகப்பனும் போய்த் திரும்ப வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அவர் மிஸிஸிப்பியில் அதே சிற்றூரில் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, தனியாகப் பல நாடுகளைச் சுற்றி வந்து, 2023இல் 89 வயதில் காலமானார். கடைசி வரை அவர் ஓட்டிசக்காரர்தான். அந்த வங்கி அவரது குடும்பத்தினுடையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் வங்கி இருப்பதில்லை. ஆனால் அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் பணத்தோடு இன்னொன்றையும் குறிப்பிட்டார்கள்: ஊர் முழுவதும் அவரைச் சின்ன வயதிலிருந்தே அறிந்திருந்தது.

ஆகவே கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பூட்டி வைக்க வேண்டாம். மூன்று மணி நேரம் அல்ல, அரை மணி நேரம். இரண்டு நாள் முன்பே மண்டபத்தை, ஆளில்லாத நேரத்தில் காட்டிவிட்டு வாருங்கள். சுவரிலுள்ள படங்களில் மண்டபத்தின் படத்தையும், அதற்குக் கீழே 'வீடு' என்ற படத்தையும் வையுங்கள். திரும்பி வருவோம் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். புதுச் சட்டையை முதலே இரண்டு தடவை கழுவி, கழுத்துத் துண்டை வெட்டிவிட்டு, வீட்டில் போட்டுப் பழக்குங்கள். சனம் சேருவதற்கு முன்னே போய், ஸ்பீக்கருக்குத் தூரமாக, வாசலுக்குப் பக்கத்தில் இருங்கள். சஹனில் மற்றவர்களோடு உட்கார வைக்க வேண்டாம். வெள்ளைச் சோறும் அப்பளமும் கொண்டு போங்கள். காதைப் பொத்தத் தொடங்கினால் எவரிடமும் விடைபெறாமல் எழுந்து வாருங்கள். கூட்டி வருவது வாப்பாவின் வேலை, இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் மச்சிக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும்.

மாமிக்கும் ஒரு வேலை கொடுங்கள். மண்டபத்துக்குள் போகும்போது பேரனின் கையைப் பிடித்திருப்பது அவவாக இருக்கட்டும். மூத்தம்மாவின் கையைப் பிடித்தால் அவன் ஓடுவதில்லை என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் தாளில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எப்படிப் போனது என்று எழுதுங்கள். இந்தத் தடவை பேனாவால்.